கரை மணியும் பூ சுற்றிய கயிறும்

நவம்பர் 17, திங்கள்

எங்கள் பட்டினத்துக் கரை மணியைச் சுற்றுலாக்காரர்களுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். செய்தவர்கள் இங்கே டில்லியில் உட்கார்ந்து திட்டம் போட்ட சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள். தலையாட்டியவர்கள் ஊரில் என் சொந்தக்காரர்கள்.

காலையிலிருந்து புகை. எதிர் வீடு தெரியவில்லை. இருமல். பேத்தி ரெனிட்டா போனை நீட்டினாள். "தாத்தா, உங்க ஊர் ரீல். ஏக்தம் சூப்பர்!"

கலங்கரை விளக்கத்தில் ஏறலாம். டச்சுக்காரன் கிடங்கு இப்போது மியூசியம். மீன் ஏலத்தைப் பார்க்க ஒரு மேடை. அதுவரை சரி. பிறகு மணி. கயிற்றில் பிளாஸ்டிக் பூ. வரிசையில் நின்று ஒவ்வொருவராக இழுக்கிறார்கள். ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு இழுக்கிறாள். வடக்கே கோயிலுக்குள் நுழையும்போது மணி அடிப்பது வழக்கம். அவள்மேல் குற்றமில்லை.

படகு திரும்பாவிட்டால் மட்டும் அடிக்கிற மணி அது. கேட்டால் உலையை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் கரைக்கு ஓட வேண்டும். படகுகள் தேடப் போக வேண்டும். போனவர் வரும்வரை நிறுத்தக் கூடாது. என் அப்பாவுக்காக ஒருமுறை அடித்தார்கள். உயிரோடு வந்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மெட்ரோ. நெரிசல். ஸ்வெட்டர் பொத்தான் போயிற்று.

ஒரு பையன், தாடி, நல்ல மரியாதை. "அங்கிள்ஜி, கண்ட்டீ தோ பஜானே கே லியே ஹீ ஹோத்தீ ஹை." மணி என்றாலே அடிக்கத்தானே என்கிறான். ஃபயர் பிரிகேட் சைரனைக் குழந்தைகளிடம் கொடுப்பாயா என்று என் ஹிந்தியில் கேட்டேன். சிரித்தான். "அச்சா பாயின்ட்." மெயில் அனுப்பச் சொன்னான்.

டீ கொடுத்தார்கள். ஏலக்காய் போட்டது. குடித்துவிட்டேன். குடித்திருக்கக் கூடாது.

நவம்பர் 19, புதன்

ஊருக்குப் போன். தம்பி அருளின் மனைவி மேரி எடுத்தாள்.

"மொதல்ல நாலஞ்சு தடவ ஓடுனோம் அத்தான். போய்ப் பாத்தா, கூலிங் கிளாஸ் போட்ட பிள்ளைய நின்னு சிரிக்கு. இப்பம் ஒருத்தரும் எந்திரிக்கதில்ல."

"கயித்தக் கழத்திப் போடு."

"ஊர்க் கமிட்டில கேக்கணும். கமிட்டித் தலைவரே உங்க தம்பிதான!"

அருள் போனைப் பிடுங்கினான். "ஏண்ணே, டெல்லில இருந்துக்கிட்டு எங்க கயித்த எதுக்கு இழுக்கிய? ஆள் வந்தாத்தான உங்க கொழுந்தியா மேரி போடுத மீன் சோறு விக்கும்?"

கடல் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் கலங்கிக் கிடக்கிறதாம். விடியற்காலை போகிறானாம். போகாதே என்றேன். "நீங்க புகைக்குள்ள வெளிய போவாதிய" என்று வைத்துவிட்டான்.

ஸ்வெட்டருக்குப் பொத்தான் தைத்தேன். நிறம் வேறு.

நவம்பர் 20, வியாழன்

மகள் ஸ்டெல்லா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து பிரஷர் பார்த்தாள். "எதுக்குப்பா உங்களுக்கு ஊர் வம்பு?"

பொழுது சாயும் நேரம் மேரிக்குப் போன். அருள் மதியமே வந்திருக்க வேண்டும். வரவில்லை. "பக்கத்துத் துறையில கரை ஏறியிருப்பாவ அத்தான்." போனுக்குள் மணிச் சத்தம். நிற்கவில்லை.

"மணி அடிக்கு மேரி."

"ரெண்டு பஸ் வந்து கெடக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய."

"அங்க மழையா?"

"ஊத்துது."

"மழைல எந்தப் பிள்ளை நின்னு மணி அடிக்கும்?"

போன் கீழே விழுந்த சத்தம். பிறகு மணி மட்டும். நான் வைக்கவில்லை. இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

மணி அடித்தவன் பக்கத்துப் படகுக்காரன் சேவியர். கடலில் அருளின் ஐஸ் பெட்டி மட்டும் மிதந்ததாம். கத்திக் கத்தி அடித்திருக்கிறான். எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறது. கதவு திறக்கவில்லை. மேரி ஓடி, அவளைப் பார்த்து மற்றவர்கள் வருவதற்குள் இருட்டிவிட்டது. படகைத் தள்ள முடியவில்லை. இன்று வெளுத்ததும் தேடப் போயிருக்கிறார்கள். தகவல் இல்லை.

இங்கே இன்னும் புகை.

செய்ய வேண்டியவை:

பஸ்களை ஊர் எல்லையில் நிறுத்துவது: கமிட்டி. தலைவர் கடலில் இருக்கிறார் என்று சாக்குச் சொல்லக் கூடாது.

கயிற்றுப் பூவை அறுப்பது: சேவியர். யாரிடமும் கேட்க வேண்டாம்.

தாடிக்காரப் பையனிடம் மறுபடி போவது: ரெனிட்டா. டீ குடிக்கக் கூடாது. ஐஸ் பெட்டியைச் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடிக்கு டிக்கெட், இன்றைக்கே: ஸ்டெல்லா. பிரஷர் பற்றிப் பேசக் கூடாது.

போவது: நான்.

மணி கேட்டால் ஓடுவது, யார் அடித்தாலும், நூறு தடவை ஏமாந்தாலும்: ஊர்.

மணியை நிறுத்தாமல் அடிப்பது, அருள் வரும்வரை: மேரி. அவள் கை ஓய்ந்தால் அடுத்த வீட்டுக்காரி. அவள் கை ஓய்ந்தால் அதற்கு அடுத்த வீடு.