ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

மே 20, திங்கள்

கேன்டீனில் டி.வி. மாட்டியாகிவிட்டது. இனி யாருக்குப் பிறந்தநாளோ, அவர் படமும் பெயரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் வரும். அவருக்கு ஒரு தட்டு கேசரி. புரோகிராம் என்னுடையது! வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் எழுதி, நாலு பேர் நிமிர்ந்து பார்க்கிற முதல் காரியம்.

சமையல் முத்தம்மாக்கா கரண்டியோடு வந்து நின்றார். "பிரின்சி, என் பேரும் அதுல வருமா? எனுக்கு இதுவரிக்கும் யாரும் பொறந்தநாள் கொண்டாடுனதில்ல."

கண்டிப்பா வரும்க்கா என்றேன்.

மே 22

மானம் போச்சு. வெல்டர் சாலமோனுக்கு நாளைக்குத்தான் பிறந்தநாளாம். இன்றைக்கே படம் வந்துவிட்டது. "ஒரு நாள் முன்னாடியே கெழவனாக்கிட்டியேம்மா" என்று சொல்லிக்கொண்டே கேசரியை முடித்துவிட்டார். நேற்று அன்புராஜுக்கும் இதே கதை.

மே 23

பிடித்துவிட்டேன். பிறந்த தேதியோடு நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று நேரத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சர்வர் ஓடுவதோ உலகப் பொது நேரத்தில். நம் நள்ளிரவு அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை. அதனால் மொத்த கம்பெனியும் ஒரு நாள் முன்னாடி பிறந்துவிட்டது! மணியைத் தூக்கிப் போட்டேன். ஜாதகமா எழுதுகிறேன், மணி பார்க்க?

சாலமோனுக்கு இன்று மறுபடி கேசரி.

மே 30

ஜூன் மாதத்தை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தேன். ஜூன் 1 அன்று மட்டும் கம்பெனியில் பாதிப் பேர்! தேதி கொடுக்காதவர்களுக்குக் கம்ப்யூட்டரே ஒன்றைப் போட்டிருக்கும், வேறென்ன? ஜூன் 1 வந்தால் விட்டுவிடு என்று ஒரு வரி எழுதினேன். கெட்டிக்காரி.

ஜூன் 1, சனி

கெட்டிக்காரியாம். முட்டாள்.

முத்தம்மாக்கா புதுப்புடவை, மல்லிப்பூவோடு டி.வி. முன்னால் வந்து நின்றார். 'இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை' என்று வந்தது, பெரிய எழுத்தில்.

"சர்ட்டிபிகேட்ல இன்னிக்கின்னுதானே கீது?" என்றார் மெதுவாக. பிறகு உள்ளே போய்விட்டார்.

என் மேனேஜர் வரதன் சாரிடம் ஓடினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனுக்கும் அதே தேதிதாம்மா. ஸ்கூல்ல சேக்கப் போனா ஹெட்மாஸ்டரு தேதி கேப்பாரு. ஊட்ல யாருக்குத் தெரியும்? ஜூன் ஒண்ணுன்னு அவரே எழுதிக்குவாரு."

அவர் சிரிக்கிறார். எனக்கு அழுகையா வருது. ஒரு மனுஷியோட நாளை ஒரே வரியில அழிச்சிட்டேனே, ஏன் யாரையும் கேக்கல நான்?

ஜூன் 3

சாரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டேன். ஜூன் 1 காரர்கள் பிடித்த நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என் மேசை முன்னால் ஒரே கூட்டம். கிரேன் ஓட்டும் சின்னராசு தன் கல்யாண நாளைக் கேட்டார். "அந்த நாள மறந்துட்டு வருசா வருசம் திட்டு வாங்கறேன். டி.வி.ல போட்டா ஞாபகம் வரும்ல?"

முத்தம்மாக்கா வரவில்லை.

ஜூன் 5

நானே போனேன். முகம் கொடுக்காமல் பாத்திரம் தேய்த்தார். மன்னிப்புக் கேட்டேன், இரண்டு தரம். கடைசியில், "ஆனி மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம போடு" என்றார்.

எந்தத் தேதி அக்கா?

"தேதி இன்னாத்துக்கு? வருசா வருசம் ஞாயித்துக்கெழமயா இருக்கணும். அவ்ளோதான்."

ஏன் என்று சொல்லவில்லை.

ஜூன் 12

என் புரோகிராமுக்குத் தேதிதான் தெரியும், கிழமை தெரியாது. ஒருத்தருக்காக மொத்தத்தையும் பிரித்துப் போட்டேன். ஜூலை முதல் ஞாயிறு எப்போதும் ஆனியில்தான் விழும். ஆகவே ஜூலை மாதம், ஏழாம் தேதிக்குள், ஞாயிறு. அக்காவுக்கு நூறு வயது ஆகிறவரை ஓட்டிப் பார்த்தேன். தப்பவே இல்லை!

ஜூலை 7, ஞாயிறு

எனக்கு லீவு. ஆபீஸ் பஸ் கிடையாது. மணவாள நகர் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிக் கும்மிடிப்பூண்டி ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்ந்தேன். இரும்பு உருக்கும் உலை ஞாயிறும் எரியும், ஆகவே கேன்டீனும் உண்டு. ஆனால் இன்று அடுப்படியில் நின்றது மாற்றுச் சமையல்காரர் ஜோசப். முத்தம்மாக்காவுக்கு ஞாயிறுதான் வார லீவு. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படம் வந்தது, பெயர் வந்தது. சாலமோன் விசில் அடித்தார். அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு, எல்லோரும் சாப்பிடுகிற மேசையில் நடுவாக உட்கார்ந்தார். தண்ணீர் எடுக்க எழுந்த என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு கண்ணு. இன்னிக்கி அவன் கொண்டாருவான்."

ஜோசப் கேசரி கொண்டுவந்து வைத்தார். அக்கா சர்க்கரை பத்தவில்லை என்று சொல்லிவிட்டு, இன்னொரு தட்டு கேட்டார்.