இருபத்துமூன்றாவது புளியங்கொட்டை

மந்தைவெளி,
பிப்ரவரி 1998

அன்புள்ள உங்களுக்கு,

“சுஹாஸை ஒரு ஹோம்ல சேர்த்துட்டு நீ மட்டும் வாயேன்” என்று டிக்கெட்டோடு மஸ்கட்டிலிருந்து எழுதியிருந்தீர்கள். பதில் தாமதமாகிவிட்டது.

ஒன்பது லட்சம் இலக்கத்தில் புதிதாக ஒரு பகா எண் கண்டுபிடித்திருக்கிறார்களாம், பேப்பரில் போட்டிருந்தது. அவ்வளவு பெரிய எண், ஆனால் சம வரிசைகளாக அடுக்கவே முடியாது.

இருபத்துமூன்றும் அப்படித்தான். சுஹாஸிடம் அத்தனை புளியங்கொட்டைதான் இருக்கிறது. நாலு வயதாகியும் பேச்சில்லை. நாளெல்லாம் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக அடுக்குகிறான். எப்படி அடுக்கினாலும் மிஞ்சும், தலையை முட்டிக்கொண்டு அழுவான்.

நேற்று பார்க்கப் பொறுக்காமல் ஒன்றை ஒளித்துவைத்தேன். ஜோடி ஜோடியாகச் சரியாக உட்கார்ந்தது. அவனோ எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, காணாமல்போன ஒன்றை வீடெல்லாம் தேடினான். கொடுத்ததும் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு தூங்கிவிட்டான்.

டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அவன் அம்மா