அண்ணியை நரிக்குக் காவல் வைத்த மூன்று நாள்

அண்ணி,

இன்று காலை பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து உங்கள் மெரூன் ஸ்வெட்டரை எடுத்தேன். துவைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் கழுத்துப் பக்கம் அந்தத் தைல வாசனை போகவில்லை. மார்கழி பிறந்து ஆறு நாள் ஆகிறது. வெளியே வாய்க்கால் தெரியாத அளவுக்குப் பனி. போட்டுக்கொண்டு வாத்துகளைத் திறந்துவிடப் போகலாம் என்றுதான் எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது என்னிடம் இருந்தவை இரண்டு சூட்கேஸும் டைகரும்தான். என் வீட்டுக்காரர் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. டைகர் அவர் ஒரு மழை நாளில் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்த குட்டி. சிதம்பரத்தில் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, நாயை அங்கேயே விட்டுவிட்டு வரச்சொல்லி எல்லாரும் சொன்னார்கள். உங்களுக்கு இழுப்பு, நாய் முடியே ஆகாது. அண்ணன் வாசலில் நின்று தயங்கினார். நீங்கள்தான், "இன்னா அங்கயே நிக்கிறீங்க? அதையும் கூட்டிகினு வாங்க. பின்னாடி ரூம்ல இருக்கட்டும்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதன் தலையை நீங்கள் தொட்டதில்லை. ஆனால் சோறு வடித்தால் அதற்கும் சேர்த்துத்தான் வடித்தீர்கள்.

உங்களுக்கு உயிர் அந்தக் கூஸ் வாத்துகள். திருவந்திபுரத்துப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து அட்டைப்பெட்டியில் குஞ்சாக வாங்கி வந்து, பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டி வளர்த்தது. பதினான்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் ஆண் வாத்துக்கு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற மாதிரி நடக்கிறது என்று தாசில்தார் என்று பெயர் வைத்தீர்கள். கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்து என் கெண்டைக்காலைக் கவ்வும். உங்கள் பின்னால் மட்டும் குழந்தை மாதிரி போகும்.

அந்த வருஷம் ஐப்பசியிலேயே கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. வெள்ளம் வந்தால் படுகையில் இருக்கும் நரிகள் ஊர்ப்பக்கம் ஒதுங்கும் என்று மேலண்டை வீட்டு பாலு மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கோழி போயிருந்தது. மார்கழியில் ஒருநாள், விடிந்து நீங்கள் போய்ப் பார்த்தால் பதின்மூன்று வாத்துதான் இருந்தது. வாத்துகளை அடைக்கிற இடுப்பளவு மூங்கில் தட்டி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. வாய்க்கால் கரையில் இறகும் கொஞ்சம் ரத்தமும். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. நீங்கள் அழவில்லை. ஈரத் தரையில் சிதறிய இறகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டீர்கள். அதைப் பார்க்க முடியாமல் நான் வீட்டுக்குப் பின்பக்கம் வந்தேன்.

அங்கே குளியலறைச் சுவரோரம் டைகர் படுத்திருந்தது. வாயோரம் ரத்தம். முன்னங்காலுக்கு அடியில் ஒரு வெள்ளை இறகு.

நான் உங்களைக் கூப்பிடவில்லை அண்ணி. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அதன் வாயைக் கழுவினேன். இறகை எருக்குழியில் புதைத்தேன். அது வாலை ஆட்டிக்கொண்டு என் முழங்கையை நக்கியது. அவர் கை பட்டு வளர்ந்த உயிர் என்று என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். விஷயம் தெரிந்தால் ஊரே அடித்துக் கொன்றுவிடும் என்று நினைத்தேன். "நரி வருது, இதையும் தூக்கிடப் போவுது" என்று உங்களிடம் சொல்லி, அன்றிலிருந்து அதைச் சங்கிலியால் கட்டினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. மறுநாள் கோழி கூவும் முன்பே நீங்கள் ஸ்வெட்டரைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தடியோடு தட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வராத நரிக்குக் காவல். பனி உங்கள் நெஞ்சுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். என் ரூமில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு உங்கள் இழுப்புச் சத்தத்தைக் கேட்டேன். விசில் மாதிரி வரும், நிற்கும், மறுபடி வரும். ஒருநாள். இரண்டாம் நாள். மூன்றாம் நாளும்.

நான்காம் நாள் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு, பேச மூச்சு வராமல் கையை நீட்டினீர்கள். டம்ளரைக் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, உள்ள வாங்க. நரி இல்ல."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"டைகர்தான் அண்ணி. நான் பாத்தேன். பாத்துட்டு மறைச்சிட்டேன்."

நீங்கள் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "எப்போ பாத்த?"

"ரெண்டாவது வாத்து போனப்ப."

"மூணு நாளா என்னைப் பனியில ஒக்கார வெச்சி பாத்துகினு இருந்தியாடி?"

அவ்வளவுதான் கேட்டீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான் சூட்கேஸைக் கட்டிலின் மேல் எடுத்து வைத்தேன். எங்கே போவது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எட்டு மணி வாக்கில் பாலு மாமா கையில் பொட்டலத்தோடு வந்தார். வயலுக்குப் போடுகிற குருணை மருந்து. கருவாட்டில் வைத்துக் கரையோரம் போட்டுவிட்டால் நரி கதை முடிந்தது என்றார். உங்கள் கதவு திறந்தது.

"வாத்து மேயற எடத்துல மருந்து வெப்பியா மாமா? மொதல்ல அத இங்க குடு" என்று கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினீர்கள். உள்ளே கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தீர்கள். "இப்ப சொல்லு. அவுரு கோழிக்கும் பதில் சொல்லணும்ல?"

சொன்னேன். பாலு மாமா தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். நாயை அடித்துப் போடு என்றார். நீங்கள் குறுக்கே நின்றீர்கள். "தப்புப் பண்ணுச்சு. கட்டியாச்சு. இனிமே அவுந்து வந்தா என்னைக் கேளு மாமா." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒரு மாதம் நம் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. என்னோடு நீங்கள் பேசவும் இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் என் ரூமுக்கு வந்தீர்கள். திறந்து கிடந்த சூட்கேஸைப் பார்த்தீர்கள். "இத மேல எடுத்து வெய்யி. ஞாயித்துக்கெழம கொட்டா போடணும், ஆளு வேணும்" என்றீர்கள்.

அண்ணன் கடலூர் துறைமுகத்திலிருந்து பழைய மீன்வலை கொண்டு வந்தார். மூங்கில் நட்டோம். தோண்டி உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் முழங்கை ஆழத்துக்குச் செங்கல் புதைத்தோம். மேலே வலை, வெளியே கருவேல முள். பனிக்குத் தரையில் வைக்கோல். என் கையில் முள் ஏறியபோது ஊக்கால் எடுத்துவிட்டீர்கள். கையைச் சீக்கிரம் விடவில்லை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் நல்ல பனி. டைகர் சங்கிலி அறுந்துவிடுகிற மாதிரி குதித்துக் குரைத்தது. நீங்கள் தடியோடும் நான் சட்டி மூடிகளோடும் ஓடினோம். கொட்டகை ஓரம் சாம்பல் நிறத்தில் ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் வரப்பில் ஏறிப் பனிக்குள் போனது. செங்கல் தெரிகிற வரைக்கும் மண்ணைப் பறித்திருந்தது. பன்னிரண்டு வாத்தும் உள்ளே பத்திரமாக இருந்தன. சத்தம் கேட்டு வந்த பாலு மாமா குனிந்து கால்தடத்தைப் பார்த்தார்.

"நரிதாம்மா! நான் அப்பவே சொன்னேன்ல?"

உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து இழுப்பு வந்து, இழுப்போடும் சிரித்தீர்கள். "பாவம் அதுவும். வெள்ளத்துல எங்க போவும்?" என்றீர்கள். பாலு மாமா அன்றுதான் மறுபடி நம் வீட்டில் டீ குடித்தார்.

இந்த ஆடியில், சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நீங்கள் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தபோது, டாக்டரைத் தனியாகப் பார்த்து அந்த மூன்று நாள் பனியைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வருஷக்கணக்காக இருக்கிற நோய் என்றார். நம்ப முயற்சி செய்கிறேன். சில நாள் முடிகிறது.

கடைசியாக நீங்கள் முழுதாகப் பேசியது அன்று சாயங்காலம். மாஸ்க்கை விலக்கிவிட்டு, "வாத்த அடைச்சாச்சா?" என்றீர்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நர்ஸும் அப்படித்தான் கண்ணைக் காட்டினாள். "முந்தாநேத்து கொட்டாயச் சாத்த மறந்துட்டேன் அண்ணி. ஒண்ணு போயிடுச்சு" என்றேன்.

"சரி, சொல்லிட்டல்ல" என்றீர்கள். "மீதியப் பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் அண்ணி. பொழுது சாயும் முன்பே அடைத்து, வலையை நாலு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் வேலையில் தப்பு நடந்தாலும், வீட்டில் எதையாவது போட்டு உடைத்தாலும், அதைச் சொல்ல வாய் இன்னமும் உங்களைத்தான் தேடுகிறது. நீங்கள் இல்லாததால், யாருக்கு அந்தத் தப்பால் நஷ்டமோ அவர்களிடமே நேரே போய்ச் சொல்கிறேன். போகிற வழியிலேயே உங்கள் "சரி" எனக்குக் கேட்டுவிடுகிறது.

சுமதி