அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்

திருவொற்றியூர்,
புதன்கிழமை.

அன்புள்ள பெர்சிஸ்,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா? ஏழாம் மாதம், தண்ணீர்க் குடம் தூக்காதே. போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

திங்களன்று தூத்துக்குடி வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. சரக்குப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்ட வேண்டும், முகமும் தெரிய வேண்டும். எங்கள் கன்டெய்னர் யார்டு கம்ப்யூட்டரில் காமிரா கிடையாது.

கூட வேலை பார்க்கும் ராயபுரத்து ஜெரி, "இன்னாத்துக்கு மாமு பேஜாராவுற? உன் போனே காமிரா. ஒயர்கூட வாணாம், வைஃபைலயே ஓடும்" என்று ஒரு ஆப்பைப் போட்டு, போனை டீ டம்ளரில் சாய்த்து வைத்தான். கம்ப்யூட்டரில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது.

பாதியில் அதே போனில் அம்மா கூப்பிட்டாள். படம் உறைந்துவிட்டது. கட் செய்தேன்; திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். படம் மறுபடி வந்தபோது எதிரே ஆள் இல்லை. வேறொருவரை எடுத்துவிட்டதாக நேற்று மெயில் வந்தது.

அன்று பிறகு அம்மாவிடம் பேசினேன். "ஒண்ணுமில்லலே, சாப்டியான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

போகட்டும், வேறு வேலை வரும். பிள்ளை பிறப்பதற்குள் ஊருக்கு வந்துவிடுவேன் என்றது மட்டும் நடக்காது போலிருக்கிறது. கொஞ்சம் கருப்பட்டியும் உன் போர்வையும் பார்சலில் அனுப்பு. போர்வையைத் துவைக்க வேண்டாம்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. அம்மாவிடம் மூச்சுவிடாதே. தெரிந்தால் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவாள்.

உன்
ஆன்றோ