தலைப்பிரசவத்துக்கு வர வேண்டாம்

புளியந்தாங்கல்,
நகரி வழி.
விகாரி வருடம், ஐப்பசிக் கடைசி.

அன்பு மகள் தாட்சாயணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் மாடு கன்றுகளும் இந்த நிமிடம் வரை நலம். நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்கத் திருத்தணியானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். சுற்றி வளைக்க நேரம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வர வேண்டாம். மாப்பிள்ளை எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். குழந்தை கரக்பூரிலேயே பிறக்கட்டும். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்காத தாய் வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது என்று எனக்குத் தெரியும், உன் மாமியார் என்ன நினைப்பார் என்றும் தெரியும். கோபத்தை முழுவதும் என் மேல் வைத்துக்கொள். ஆனால் ரயில் ஏறாதே. ஏன் என்று எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

மழை தீபாவளிக்கு முன்பே பிடித்தது. ஏரியில் ஆடு மேய்ந்த வருடங்களை நீ பார்த்திருக்கிறாய். அந்த வருடங்களில்தான் ஆளாளுக்கு வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தோம், வண்டி கரை மேல் ஏறி ஏறி இறங்கியதில் வேப்பமரத்துப் பக்கம் கரை குழிந்து போயிற்று. எல்லார் வண்டியும்தான். கோடையில் ஒரு ஓவர்சியர் சைக்கிளில் வந்து பார்த்தார். கரை மெட்ராஸ் பக்கம் சேரப் போகிறதாம், பாயும் வயல் ஆந்திராவிலேயே நிற்குமாம், இரண்டு மாநிலத்துக்கும் நடுவே போடுகிற புது எல்லைக் கோடு அப்படிப் போகிறதாம். "ஏப்ரல் தரவாத்த மதராஸ் வாள்ளு சூஸ்கொண்டாரு" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். ஏப்ரலுக்குப் பிறகு மெட்ராஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். மெட்ராஸ் பக்கத்து ஆபீஸில் போய்க் கேட்டதற்கும் ஏப்ரல் வரட்டும் என்றார்கள். மழை ஏப்ரலுக்குக் காத்திருக்கவில்லை. நாங்களாவது குழியை ஒழுங்காக மூடியிருக்கலாம். வைக்கோலைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிட்டு வந்தோம்.

ஏரி நிறைந்து கோடி போகிறது. மிச்சத் தண்ணீர் கரைக் கடைசியில் கோடி வழியாக வழிவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஊர் சந்தோஷப்பட்டது, நானும் பட்டேன். அதன் பிறகும் மழை நிற்கவில்லை. ஏரி நிறைந்தால் கரையில் கங்கம்மாவுக்குப் பொங்கல் வைக்கும் வரை யாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் எல்லை தாண்டக் கூடாது, உடையும் என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. தண்ணீராக வருகிற கங்கம்மாவை வா வா என்று வருடக்கணக்கில் அழைத்துவிட்டு, வந்தவளைக் கண்டு ஓடினால் மறுபடி வர மாட்டாள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் விறகு நனைந்து கிடக்கிறது, பொங்கல் தள்ளிக்கொண்டே போகிறது. மழை விட்டால் பொங்கல் வைக்கலாம் என்கிறார்கள். பொங்கல் வைத்தால் மழை விடும் என்கிறார்கள். நம் வீடு கரைக்கு நேர் கீழே. உனக்காகச் சாணம் மெழுகி வைத்த பின்னறை அதிலும் தாழ்வு. சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது.

அதனால் நான் ஒன்று செய்தேன். உன் பிரசவத்துக்கு என்று சொல்லிக்கொண்டு மூட்டை கட்டினேன். அவல், பொரிமாவு, வெல்லம், சுக்கு, உப்பு. பட்டாவையும் உன் கல்யாணப் போட்டோவையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடியைச் சுற்றி மெழுகு வைத்தேன். விதைக் கடலையை மேலே பரணில் ஏற்றினேன், பித்தளைப் பாத்திரங்களை மண் தோண்டிப் புதைத்தேன். யார் கேட்டாலும் தாட்சா வருகிறாள் என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள். மருத்துவச்சி வள்ளி மட்டும் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாக்கா, புள்ள பெத்தவ இம்மாம் அவலு துன்னுவாளா? நெருப்புப் பெட்டிய எண்ணெத்தாள்ல சுத்தி வெச்சிக்கினு கீற, பொறக்கப் போறது கொழந்தையா மீனா?" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "தாட்சாவ மலைக்குத் தூக்கினு ஏறும்போது வலி எடுத்துச்சின்னா நான் இன்னாக்கா பண்ணுவேன், அங்க குந்தறதுக்குக்கூட வழுக்குப் பாறைதான்" என்று மெதுவாகச் சொன்னாள். பிரித்ததை அவளே திரும்பக் கட்டினாள். உன்னை வரச் சொல்லக் கூடாது என்று அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது. கரை போனால் அந்தத் தண்ணீர் ரயில் பாதைக்கு அடியில்தான் புகுந்து போக வேண்டும், அதையும் நினைத்துக்கொண்டேன்.

நைனாவிடம் சொன்னேன். கேட்கவில்லை. பொங்கல் பானையை முதலில் தூக்க ஊர் அவரைத்தான் சொல்லியிருக்கிறது. "ஜனம் என் மூஞ்சியப் பாத்துக்கினு கீது. எம்பொண்டாட்டியே மூட்டை கட்றான்னா எவன் பானைய எடுப்பான்? பொண்ணு வரட்டும், கங்கம்மா பாத்துக்குவா" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, நம்பிக்கொண்டிருந்தார். நம்புகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது.

நேற்றுக் காலை கரையை ஒரு நடை பார்த்துவிட்டு வந்தார். கரைக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் கசியும், தெளிவாகக் கசியும், சின்ன வயதில் நீ அதில் கால் கழுவுவாய். நேற்று அவர் கால் முழுக்கச் செம்மண். ஏரிக்குள் இருப்பது கறுப்பு வண்டல். செம்மண் கரையினுடையது. உள்ளிருந்து கரைகிறது. அவர் காலைக் கழுவவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய் மாடுகளின் கயிற்றை அவிழ்த்தார், மேய விடும் நேரம் அல்ல அது. பிறகு அடுப்பருகில் வந்து நின்றார். தாட்சாவுக்கு எழுதிட்டியா என்றார். இல்லை என்றேன். எழுது என்றார்.

அப்படியே கங்கம்மா கல்லுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். பொங்கலுக்கு நாள் குறிக்க ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். பூசாரி பாலையா கையில் ஆட்டுக் கயிறு. அவர்தான் கேட்டார், நல்ல மனதோடுதான் கேட்டார். "எத்திராஜண்ணே, நம்ம பொண்ணு எப்ப வருது? பொங்கலுக்குள்ள வந்துட்டா வயித்துப் புள்ளைக்கும் சேத்து வேண்டிக்கலாம்." நைனா சொன்னார்: "வரல. வர வேணாம்னுட்டோம். புள்ள அங்கியே பொறக்கட்டும்." உன் சுலோசனா அத்தைதான் முதலில் வாய் திறந்தாள். கூடப்பிறந்தவள் அல்லவா, அவளுக்கு உரிமை உண்டு. "தலைப்புள்ளைக்குப் பொண்ண வேணாம்னு சொன்ன மொத அப்பன் நீதாண்ணா. நல்லா இரு" என்றாள். நைனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பாலையா அவர் முகத்தையே பார்த்தார், பிறகு அவருடைய காலைப் பார்த்தார். கயிற்றை ஆட்டுக்காரனிடம் நீட்டினார். "இதையும் மலை மேல ஓட்டினு போடா" என்றார்.

வாயில் எடுக்கக் கூடாத அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் பாதி ஊர் மலைக்கு ஏறிவிட்டது, கோழிக்கூடையோடு, கிழவர்களை முதுகில் சுமந்துகொண்டு. போகிற வழியில் இரண்டு பெண்கள் நம் வாசலில் மண்ணை வாரிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆனாலும் போனார்கள். நீ வராமல் இருப்பதைக் காட்டித்தான் அவர்களைக் கிளப்ப முடிந்தது என்று நினைக்கும்போது எனக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. உன்னை வேண்டாம் என்று சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

ஆண்கள் கரையில் வேலை செய்கிறார்கள். சாக்கு தீர்ந்துவிட்டது. உனக்காகத் துவைத்துக் காயவைத்து மடித்திருந்த பழைய நூல்புடவைகளை நைனா வந்து கேட்டார், மண் கட்ட. எடுத்துக் கொடுத்தேன். குழந்தையைச் சுற்ற வைத்திருந்த என் கல்யாணத்துப் புடவையும் அதில் போயிற்று. பச்சை. வேப்பமரத்துக்கு அருகில் இங்கிருந்தே தெரிகிறது. கரை நிற்குமா, தெரியவில்லை. உன் அத்தை மட்டும் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். "வந்தவள வாசல்ல நின்னு மஞ்சத் தண்ணி குடுத்து அழைச்சிக்கறேன், நீங்க ஓடுங்க" என்கிறாள். அவள் ஏறாமல் தான் ஏறுவதில்லை என்கிறார் நைனா. நான் இதை முடித்துவிட்டு வள்ளியோடு மலைக்குப் போகிறேன். நம் ஊர் முனிசாமி நகரி ஸ்டேஷனுக்குப் போகிறான், இந்தக் கடிதத்தை மெயில் வண்டியில் போட்டுவிடுவான்.

இனி உன் விஷயம். ரயில்வே ஆஸ்பத்திரியில் இப்போதே பெயர் கொடுத்து வை. சின்ன வயதில் உனக்கு மயக்கம் வந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல். கரக்பூரில் தெலுங்கு நர்ஸுகள் இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார், உனக்குத்தான் தெலுங்கு வருமே, கூச்சப்படாமல் கேள். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, கத்து. ஈரத் தரையில் உட்காராதே. சுக்கும் பெருங்காயமும் கையில் வை. மாமியார் ஏதாவது சொன்னால் எதிர்ப்பேச்சு வேண்டாம், இந்த நேரத்தில் அவர்தான் உனக்குத் தாய். அவரிடம் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. செலவுக்குப் பயந்து மகளைத் தள்ளிவிட்டோம் என்று அவர் நினைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. சில நாள் எங்களிடமிருந்து கடிதம் வராது. பேப்பரில் நம் பக்கத்துப் பெயர் வந்தாலும் வரலாம். என்ன சேதி கேட்டாலும் வண்டி ஏறாதே. உடனே புறப்படு என்று தந்தி வந்தாலும் ஏறாதே. என் பெயரிலேயே வந்தாலும் ஏறாதே, அதை நான் கொடுத்திருக்க மாட்டேன். நைனாவைப் பற்றி வந்தாலும் அப்படித்தான். மாப்பிள்ளையும் உன்னைத் தனியாக விட்டுவிட்டு வர வேண்டாம். பிள்ளை பெற்று, தீட்டுக் கழிந்து, உடம்பு தேறிய பிறகு வா. இருக்கிறவர்கள் உன்னை ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போவோம்.

தாயும் பிள்ளையும் இரண்டு உயிராக, நல்லபடியாகப் பிரிந்து, நீண்ட ஆயுளோடு இருங்கள்.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
வெங்கடம்மா