ஏரியடியில் கிடந்த எண்

பான்டியாக், மிச்சிகன்
ஜனவரி 4, 2014

பெருமதிப்பிற்குரிய அண்ணன் லியோனார்ட் ருட்னிக் அவர்களுக்கு,

தாங்கள் அரிசோனாவில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் ஹெலனும் நலம். இங்கே குளிர் மிகக் கடுமை. கூரை விளிம்பில் தொங்கும் பனியைத் தினமும் தட்டிவிட வேண்டியிருக்கிறது.

தங்கள் கடிதமும், அதனுடன் வைத்திருந்த ஏல விளம்பரமும், கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொன்ன வண்டியின் உரிமைச் சீட்டும் வந்து சேர்ந்தன. சீட்டில் நான் கையெழுத்திடவில்லை, இடப்போவதும் இல்லை. நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மீதமெல்லாம் அதற்கான காரணம்.

ஆயுள் முழுவதும் உங்களை ‘லென்’ என்று அழைத்தவன் இன்று ‘அவர்களுக்கு’ என்று தொடங்கியிருப்பதிலிருந்தே என் மனநிலை உங்களுக்குப் புரிந்திருக்கும். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்று லொரெய்ன் அக்கா கேலி செய்வாள். “காண்ராட் கத்துனா பயப்படாதீங்க. ‘தயவுசெய்து’ன்னு ஆரம்பிச்சா மட்டும் எல்லாரும் ஓடிப்போயிடுங்க” என்பாள். தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

விளம்பரத்தை மூன்று முறை படித்தேன். 1969-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. ஜட்ஜ் கார், ஒரே குடும்பத்தின் கையிலிருந்த வண்டி, தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின், என்ஜினில் பொறித்த எண்ணும் வண்டியின் எண்ணும் ஒத்துப்போகின்றன, ஒருநாளும் பந்தயத்தில் ஓடாதது, புரூனோ ருட்னிக் என்ற தொழிலாளி தன் கையால் கட்டிய வண்டியைத் தானே வாங்கிக் கண்போல் காத்தது. அப்பாவின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். லொரெய்ன் என்ற பெயர் எங்கும் இல்லை. நாற்பது ஆண்டுகள் அந்த வண்டியை ஓட்டியவள், போன அக்டோபரில்தான் நாம் அடக்கம் செய்துவிட்டு வந்தவள், அந்தப் பளபளப்பான தாளில் பிறக்கவே இல்லை.

நீங்கள் எழுபத்தொன்றிலேயே மேற்கே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குச் செவிவழிச் செய்திதான். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

இன்று இந்த வண்டிகளை வாங்க வரிசையில் நிற்கிறார்கள். அன்று விற்கத்தான் வரிசை. எழுபத்து மூன்றின் குளிர்காலத்தில், பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால் விடியற்காலையிலேயே அப்பா காத்துக் கிடந்தார். காப்பீட்டுக் கட்டணம் வீட்டு வாடகையை எட்டிப் பிடித்திருந்தது. பழைய வண்டிக் கடைக்காரர் வண்டியின் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்ததும், விலை கேட்பதற்கு முன்பே கையை ஆட்டி அனுப்பிவிட்டார். அப்போது அப்பா தொலைபேசியில் முதலில் அழைத்தது உங்களைத்தான், மூத்த பிள்ளை என்பதால். எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். உங்கள் பதில் சமையலறையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது: “அந்தப் பெட்ரோல் குடிக்கிற பிசாசு எனக்கு எதுக்குப்பா? காயலான் கடையில போடுங்க!” அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த லொரெய்னிடம் சாவியை நீட்டினார். அதுதான் அந்த வண்டி கைமாறிய கதை.

எழுபத்து நான்கு ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை மாலை, வுட்வர்ட் சாலையில் அவள் பந்தயம் ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். என்ஜினுக்குள் கனெக்டிங் ராடு முறிந்து, அதன் இரும்புக் கூடான பிளாக்கின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. சாலையெல்லாம் எண்ணெய். கயிறு கட்டி இழுத்து வந்து நிறுத்தியபோது அப்பா குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஜெயிச்சியா?” இவள், “பாதி தூரம் வரைக்கும் ஜெயிச்சேன்பா” என்றாள். அம்மா மட்டும்தான் அழுதாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பாவும் அவளும் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஃப்ளின்ட்டில் நொறுங்கிக் கிடந்த கேட்டலினா என்ற பெரிய ஸ்டேஷன் வேகனிலிருந்து ஒரு என்ஜினைக் கழற்றி வந்தார்கள். திருகாணிகளை எடுத்து நீட்டியதும் காப்பி கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். பிரித்ததும், தேய்த்ததும், அளந்ததும், மறுபடி கோத்ததும் லொரெய்ன். தொழிற்சாலை இயந்திரக் கூடத்தில் அவளை வேலைக்கு எடுத்தது அந்த என்ஜினைப் பார்த்த பிறகுதான். இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீங்கள் கேட்டதும் இல்லை.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டுகிறேன். அறுபத்து நான்கில் நம் ஊர்ப் பொறியாளர்கள் செய்தது என்ன? பெரிய வண்டியின் என்ஜினைத் தூக்கிச் சிறிய வண்டிக்குள் இறக்கினார்கள். ஜி.டி.ஓ. என்ற வண்டியே அப்படித்தான் பிறந்தது. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்ததை இருபது வயதுப் பெண்ணொருத்தி வீட்டுக் கொட்டகையில் செய்தாள். ‘அசல்’ என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

அவள் அதை ஒருநாளும் மறைக்கவில்லை. ஆகஸ்ட் தோறும் பழைய வண்டிகளின் வுட்வர்ட் ஊர்வலத்தில் யாராவது என்ஜின் மூடிக்குள் தலையை விட்டு, “ஒரிஜினல் என்ஜினாம்மா?” என்று கேட்பார்கள். “இல்ல சார், அதவிட நல்லது. நான் கட்டுனது” என்பாள். ஒருமுறை ஒஹையோவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், எண்ணை ‘சரிசெய்து’ தருவதாகவும் விலை இரட்டிப்பாகும் என்றும் சொன்னார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்து, “உங்க பல்லு ஒரிஜினலா?” என்று கேட்டாள். அவர் கேலியைப் புரிந்துகொள்ளவே சற்று நேரமானது.

அவள் கட்டிய அந்த என்ஜினின் பிளாக்கிலிருந்த எண்ணைத்தான், வண்டி அரிசோனா வந்த பிறகு, நீங்கள் அமர்த்திய ஆள் அரைத்து அழித்திருக்கிறார். அதன்மேல் நம் வண்டியின் எண்ணைப் பொறித்து, புதிதாகத் தெரியாதிருக்கத் துருவையும் ஏற்றியிருக்கிறார். விளம்பரத்திலிருந்த என்ஜின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தொலைபேசியில் கேட்டேன். நீங்கள் மறுக்கக்கூட இல்லை. “டேய், ரொம்ப ஆராயாதடா. பாதிப் பேரு பண்றதுதான். சுத்தியல்ல நாலு தட்டு, விலை ரெண்டு மடங்கு. யாருக்கு என்ன நஷ்டம்?” என்றீர்கள். லொரெய்ன் பெயரைச் சொன்னேன். “அவ செத்துட்டாடா காண்ராட். இனிமே எந்த என்ஜின் இருந்தா அவளுக்கு என்ன?” என்றீர்கள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். எனக்கு ஒரு வேலை இருந்தது.

நீங்கள் அறியாத செய்திக்கு இப்போது வருகிறேன். எழுபத்து நான்கில் பிளந்த பழைய பிளாக் காயலான் கடைக்குப் போனதாக எண்ணித்தான் இவ்வளவு துணிந்தீர்கள். அது போகவில்லை. ஹௌட்டன் ஏரியில் நம் குடிலுக்கு எதிரே மிதவை நிற்கிறதே, அது எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாக அலையாமல் நிற்கிறது என்று எப்போதாவது யோசித்தீர்களா? ராடு பிளந்த ஓட்டை வழியாகச் சங்கிலியைக் கோத்து அப்பாதான் அதை நீருக்குள் இறக்கினார். ஏரிக்கரையில் பாதிப் பேர் மிதவைக்கு அப்படித்தான் செத்த என்ஜினைக் கட்டுவார்கள். உங்கள் பிள்ளைகள் கோடை விடுமுறையில் அந்த மிதவையிலிருந்துதான் குதித்து நீந்தப் பழகினார்கள்.

புத்தாண்டுக்கு மறுநாள் அங்கே போனேன். ஏரி நன்றாக உறைந்திருந்தது. பக்கத்துக் குடில் ஆர்வோ மாக்கியைத் துணைக்கு அழைத்தேன். குளிர்காலத்தில் மிதவை கரையில் இருக்கும் என்பதால், புகைபோக்கியையும் படகுக் கொட்டகையையும் நேர்கோட்டில் வைத்து இடத்தைக் கணித்து, மோட்டார் ரம்பத்தால் பனியை அறுத்தோம். கொக்கிக் கழியால் துழாவிச் சங்கிலியைப் பிடித்து, முக்காலியில் கப்பி கட்டி இழுத்தோம். ஆர்வோவுக்கு நான் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பாதி இழுத்த பிறகு மட்டும், “காண்ராட், இதுக்குள்ள பொணம் கிணம் இருந்தா இப்பவே சொல்லிடு. மதியம் பேத்தி வர்றா” என்றார். சேறு வழிய அது மேலே வந்து தொங்கியபோது, தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் நடந்து வந்து பார்த்து, “என்ன இரை போட்டீங்க?” என்று விசாரித்தார். நான் சிரித்தேன். லொரெய்ன் போன பிறகு அதுதான் முதல் முறை என்று பிறகுதான் உறைத்தது.

எண் பொறித்த முகம் களிமண்ணில் புதைந்து கிடந்திருக்கிறது. அப்பா பூசிய கிரீஸ் இன்னும் விட்டுப்போகவில்லை. மென்மையாகத் துடைத்தேன். எல்லா எண்களும் தெரிகின்றன. நம் வண்டியின் எண்கள். உலகத்தில் இப்போது ஒரே எண்ணுடன் இரண்டு பிளாக்குகள் இருக்கின்றன: ஒன்று தொழிற்சாலை பொறித்தது, மற்றொன்று நீங்கள் பொறித்தது.

உலோகவியல் கற்பித்துப் பிழைத்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சுத்தியலால் பொறிக்கும்போது எழுத்து விழும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் நசுங்குகிறது. மேற்பரப்பை அரைத்தால் எழுத்து மறையும். நசுங்கல் பெரும்பாலும் மறையாது. தகுந்த அமிலத்தைத் தடவினால், அழித்த எண் நிழல்போல எழுந்து வரும். நீங்கள் அழித்துவிட்டதாக நினைக்கும் கேட்டலினா எண் அநேகமாக அங்கேயேதான் இருக்கிறது.

இதைப் படித்ததும் உங்கள் எண்ணம் எங்கே ஓடும் என்று நான் அறிவேன். அசல் பிளாக் கிடைத்துவிட்டதே, ஓட்டையை அடைத்து வண்டியில் பொருத்திவிடலாமே, பொய்யும் இல்லை, விலையும் குறையாது என்று கணக்குப் போடுவீர்கள். அது முடியும். வார்ப்பிரும்பை ஒட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். நானும் ஓர் இரவு அதைப் பற்றி யோசித்தேன். ஆனால் அப்படிச் செய்ய அவள் கட்டியதைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும். நான் அதைச் செய்ய மாட்டேன். நீங்கள் செய்யவும் விடமாட்டேன். அவள் வண்டியை நம் இருவர் பெயரிலும் சேர்த்து எழுதிவைத்தது ஒருவேளை இதற்காகத்தானோ என்னவோ. இருவரும் ஒப்பாமல் அது எங்கும் நகராது. எண்ணைப் போலியாகப் பொறித்தவர் கையெழுத்தையும் போலியாக இடலாம். அப்படி நேர்ந்தால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் நிற்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

விற்பதற்கு நான் தடையில்லை. உங்கள் பங்கு உங்களுக்கு வேண்டும் என்றால் விற்போம். ஆனால் விளம்பரத்தில் இப்படி இருக்க வேண்டும்: என்ஜின் அசல் அல்ல, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் லொரெய்ன் ருட்னிக் கட்டியது, அதன் எண் பின்னர் திருத்தப்பட்டது. விலை ஏறக்குறையப் பாதியாகும். ஆகட்டும்.

பிளாக்கின் படங்களை ஏலக்காரர்களுக்கு நான் இன்னும் அனுப்பவில்லை. தைரியம் இல்லாமல் அல்ல. உண்மையைச் சொல்லும் வாய்ப்பை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு விருப்பமில்லை. இம்மாதம் பத்தாம் தேதிக்குள் நீங்களே அவர்களை அழைத்து, விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பதினொன்றாம் தேதி காலை நான் அந்தப் படங்களுடன் தபால் நிலையத்தில் இருப்பேன்.

அக்டோபரில் அந்த வண்டியை நீங்கள் லாரியில் ஏற்றியபோது, பனி கரைய உப்புத் தூவும் சாலைகளில் துருப்பிடிக்காமல் காப்பாற்றப்போவதாகச் சொன்னீர்கள். கட்டும் பட்டைகளை இறுக்கியது நான்தான். இனி அதை லாரியில் ஏற்ற வேண்டாம். வசந்தத்தில் ஓட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டாம் கியருக்கு மாற்றும்போது சற்றுத் தாமதியுங்கள், அவசரப்பட்டால் முரண்டு பிடிக்கும். மலையேற்றத்தில் வெப்பமானியைக் கவனியுங்கள். நான்கு நாள் பயணம் முழுவதும் அந்த என்ஜினின் சத்தம் உங்கள் காதில் இருக்கும். அதைக் கேட்ட பிறகும், எந்த என்ஜினாக இருந்தால் என்ன என்று உங்களால் கேட்க முடிந்தால், என் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

பிளாக் இப்போது என் கொட்டகையில், இரண்டு மரக்கட்டைகளின்மேல் கிடக்கிறது. ஏப்ரல் கடைசியில் பனி உருகி ஏரி திறந்துவிடும். அதை மறுபடி அதே இடத்தில் இறக்கியாக வேண்டும்; மிதவைக்கு வேறு பிடிப்பு இல்லை. ஆர்வோ வருவதாகச் சொன்னார். வேண்டாம், ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சங்கிலியின் ஒரு முனை என் கையில் இருக்கும், லென். மறுமுனையைப் பிடிக்க நீங்கள் வர வேண்டும்.

வழியில் பத்திரமாக ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
காண்ராட்