லேப்டாப்பை மாற்றுவது பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏற முடிகிறது என்று கேட்டால் இன்னும் சந்தோஷப்படுவேன். போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். உங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும். வாயால் சொல்ல வராததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தோள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் தசைநார் வீங்கியிருக்கிறது என்றார். தினமும் என்ன தூக்குகிறீர்கள் என்று கேட்டார். பையைக் காட்டினேன். அவரே ஒரு தடவை தூக்கிப் பார்த்து, "தோளை மாத்த முடியாதும்மா, பையை மாத்துங்க" என்றார். உள்ளே இருப்பது உங்கள் தம்பியின் லேப்டாப்தான். நாற்பது ஐம்பது ஒலிகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், இதைவிடப் பலமானது கடையிலேயே இல்லை என்று அடம்பிடித்து வாங்கினாரே, அதே. நாலு கிலோ. சார்ஜர் தனியாக ஒரு செங்கல். என் மகள் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருக்கிறாள். "எருமையை ஓட்டிட்டுக் கிளம்பியாச்சா?" என்று காலையில் தினமும் கேலி.

என் வேலைக்கு அவ்வளவு பலம் வேண்டியதே இல்லை. ஒலிப்புத்தகத்துக்காக ஒருவர் வாசித்ததைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன். எச்சில் சத்தம், நாற்காலி முனகல், வாக்கியத்துக்கு நடுவே இழுக்கும் மூச்சு எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். என்னுடைய சின்ன லேப்டாப்பை மகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டு அவருடையதை எடுத்துக்கொண்டேன். வீட்டில் இருந்தவரை சிரமம் தெரியவில்லை. ஆறு மாதமாக ஊரின் மூன்று மூலைகளில் இருக்கும் மூன்று ஒலிப்பதிவு அறைகளுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறேன். பழையதைக் கொடுத்தால் ஒரு கிலோவுக்கும் குறைவான புதியதைத் தருகிறேன் என்கிறது கடை. சனிக்கிழமை வரைதான் கெடு. அவர் செய்த வேலைகளையெல்லாம் தனியாக ஒரு டிஸ்க்கில் ஏற்றியும் வைத்தாயிற்று. அப்புறமும் என்ன தயக்கம் என்று நீங்கள் கேட்டது நியாயம்தான்.

அக்கா, அந்த லேப்டாப்பில் அவர் மூச்சு விடுகிறார்.

பயப்படாதீர்கள், எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஓடினால் அது சூடாகும், ஃபேன் வேகமெடுக்கும். அவர் போன மூன்றாவது மாதத்தில் ஒரு மத்தியானம்தான் முதலில் கேட்டேன். ஒரு இழுப்பு, சின்ன நிறுத்தம், அப்புறம் நீளமாக ஒரு விடுதல். விடும்போது கடைசியில் மெல்லிய விசில். கல்யாணமான புதிதில், அவர் தூக்கத்தில் விடும் அந்த விசில் தாங்க முடியாவிட்டால் தலையணையால் அமுக்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அன்றிலிருந்து லேப்டாப் சூடாகட்டும் என்று வேண்டாத நிரல்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

போன மாதம் இதனால் ஒரு கூத்து நடந்தது. எங்களிடம் வாசிக்கும் ஒரு பெண்ணுக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர், குரல் அப்படி. அவள் வாசித்த மூன்று அத்தியாயங்களை, பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள், உள்ளே யாரையும் உட்கார வைக்காதே என்று எழுதி நான் திருப்பி அனுப்பினேன். அவள் மறுபடி வாசித்தாள். மறுபடியும் திருப்பினேன். மூன்றாவது தடவை அவள் வாசிப்பின் நடுவே நாற்காலி கிறீச்சிடுவது அடிக்கடி கேட்டது. பாவம், ஒவ்வொரு பக்கத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பூட்டிய அறைக்குள் அவள் ஒருத்திதான். "இனிமே அந்த ரூம்ல நான் தனியா உட்கார மாட்டேன்" என்று மேலாளரிடம் அழுதுவிட்டாள்.

மேலாளர் தன் அறையில் போட்டுக் கேட்டார். ஒன்றுமே இல்லை. என்னைக் கூப்பிட்டு என் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். காதை முழுக்க மூடும் ஹெட்போனை நான் பதினோரு மாதமாகப் போடுவதில்லை, வெளிச் சத்தமும் கேட்கிற ரகம்தான் போடுகிறேன். எருமையின் மூச்சைத்தான் பதிவில் இருப்பதாக நினைத்திருக்கிறேன். "இருபது வருஷமா காதை வச்சே பொழைக்கிறீங்க. சொந்த ஃபேன் சத்தம் தெரியலையா?" என்றார். மிஷினை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். கூனிக் குறுகி நின்றேன். வெண்கலத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றாள், ஆனாலும் என்னோடு லிஃப்டில் வர மாட்டேன் என்கிறாள்.

கடைக்குப் போனேன். புதியதில் ஃபேனே கிடையாது. அதே அத்தியாயங்களைப் போட்டுக் கேட்டேன். வெண்கலத்தின் குரல், நடுவில் சுத்தமான அமைதி. என் வேலையில் அதைவிட நல்ல அமைதி கிடைக்காது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குள் பழுது பார்ப்பவர் நம்முடையதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைக் கழற்றியிருந்தார். "தூசி அடைச்சிருக்கு, பேரிங் தேஞ்சிருக்கு. சுத்தம் பண்ணிட்டா சத்தமே வராது" என்று பிரஷ்ஷை எடுத்தார். நான் லேப்டாப்பை அப்படியே பிடுங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திருகாணிகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

பதிவு செய்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். செய்யாமலா இருப்பேன். நாலு மைக் வைத்துப் பார்த்தேன். போட்டுக் கேட்டால் நாலிலும் ஃபேன் சத்தம்தான் இருக்கிறது.

இனி உங்களிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும். அவர் போன அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். பொய், அக்கா. அதே அறையில்தான் இருந்தேன். அவர் படுத்திருந்த சோபா என் நாற்காலிக்கு மூன்றடி பின்னால். "பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கறேன், எழுப்பு" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். வேலை மும்முரத்தில் நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. அந்த நாற்பது நிமிடமும் முன்பின் தெரியாத ஒரு ஆளின் மூச்சை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் இவருடைய மூச்சு நின்றது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அன்று அவரைப் பார்த்த டாக்டர் எத்தனையோ தடவை சொன்னார். என் காதில் ஏறவில்லை.

சோபா இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ராத்திரி மிச்ச வேலைக்கு அங்கே உட்காரும்போது எனக்கு அந்தப் பக்கம் திரும்பப் பயம். எருமை மூச்சு விடும்வரை திரும்ப வேண்டியதில்லை, பின்னால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வேலையைப் பார்ப்பேன். சத்தமில்லாத ஒன்றை மேஜையில் வைத்தால் நான் திரும்பிப் பார்த்தாக வேண்டும். என் தயக்கம் அவ்வளவுதான்.

ஆனாலும் கொடுத்துவிடப் போகிறேன். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, இந்த வேலை போனால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன். கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். உள்ளே இருப்பதை முழுக்க அழிக்க அரை மணி நேரம் ஆகுமாம். அதை என் பக்கத்தில் வைத்தே செய்யச் சொன்னேன். அப்போது நன்றாகச் சூடாகும், ஃபேன் முழு வேகத்தில் ஓடும், பிறகு மெல்ல அடங்கும். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல், அது நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

நின்றதும் உங்களைத்தான் கூப்பிடுவேன். நீங்கள் இருக்கும் தேசத்தில் அது அகால நேரமாக இருக்கலாம், தயவுசெய்து போனை எடுங்கள். பொய் சொன்னதற்குத் திட்டுவதானால் திட்டுங்கள், எனக்கு அது வேண்டும். பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், அக்கா. போனை மட்டும் வைத்துவிடாதீர்கள். நீங்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டிலிருந்து
நான்